அட்டையில் ஹ்யூகோ, நெபுலா என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா?

கெடிலக்கரை:
வணக்கம். ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். புதுச்சேரிக்குப் போனால் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய புத்தகங்களைக் கிளறாமல் பஸ் ஏற மாட்டேன். இந்த முறை ஆர்தர் சி. கிளார்க்கின் அறிவியல் புனைகதை நாவல் 'ராண்டேவூ வித் ராமா' மாட்டியது. முதுகு பிய்ந்து செல்லோடேப் ஒட்டியிருக்கிறது, நாற்பது ரூபாய். அப்பா அட்டையைப் பார்த்துவிட்டு, "ராமாயணமாடா?" என்றார். ஹ்யூகோ, நெபுலா விருதுகள் இரண்டும் வாங்கிய நாவலாம். இரண்டும் ஒன்றுதானா? இதை நம்பி அடுத்தடுத்து வாங்கலாமா? சுஜாதாவைத் தாண்டி நான் இந்தப் பக்கம் வந்ததில்லை.

லாஸ்பேட்டை வாத்தியார்:
தம்பி, அப்பா கேட்டதில் தப்பே இல்லை. கதைப்படி, கிரேக்க, ரோமானிய சாமி பெயர்களையெல்லாம் விண்பொருள்களுக்கு வைத்துத் தீர்த்துவிட்டு நம் சாமிகளிடம் வந்திருப்பார்கள். அப்படித்தான் ஒரு விண்பொருளுக்கு ராமா என்று பெயர். கிளார்க்கும் 1956லிருந்து இலங்கையிலேயே குடியிருந்த மனுஷன்.

விருதுகள் வேறு வேறு. ஹ்யூகோ வாசகர் ஓட்டு. வேர்ல்ட்கான் என்ற உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குப் பணம் கட்டி உறுப்பினரானால் நீங்களும் ஓட்டுப் போடலாம். 1953இல் தொடங்கியது. நெபுலா, அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தார் ஓட்டுப் போட்டுக் கொடுப்பது. 1966இல் முதல் நெபுலா நாவல் விருது ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' நாவலுக்குப் போனது. அதே வருடம் ஹ்யூகோவும் கிடைத்தது, ஆனால் ரோஜர் ஜெலாஸ்னியின் நாவலோடு பங்கு.

என்னைக் கேட்டால், விருதைவிட, கதை முதலில் எந்தப் பத்திரிகையில் வந்தது என்று பாருங்கள். ஹ்யூகோ என்ற பெயரே 'அமேசிங் ஸ்டோரீஸ்' பத்திரிகையை 1926இல் ஆரம்பித்த ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக்குடையதுதான். டூன் 1963 முதல் 65 வரை 'அனலாக்' பத்திரிகையில் தொடராக வந்தது. புத்தகமாக்க இருபது பதிப்பகங்களாவது கையை விரித்தன. கடைசியில் துணிந்தது யார் தெரியுமா? கார் ரிப்பேர் கையேடு போடும் சில்டன் கம்பெனி!

சீன எழுத்தாளர் லியூ சிஷினின் 'த்ரீ பாடி ப்ராப்ளம்' 2006இல் சீனாவின் செங்டூ நகரப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தது. தொடரில் முதலில் இருந்த, மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சிக் காட்சியைச் சீனப் புத்தகத்தில் நடுவே தள்ளிவிட்டார்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கென் லியூ அதை மறுபடி முன்னால் கொண்டுவந்தார். அந்த மொழிபெயர்ப்புதான் 2015இல் ஹ்யூகோ வாங்கியது. 2024 நெட்ஃபிளிக்ஸ் தொடரும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தொடர் எழுதுகிறவனுக்கு, அடுத்த இதழை வாங்குவானோ மாட்டானோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயம் கதைக்கு நல்லது. நம் சுஜாதாவின் இயந்திர நாய் ஜீனோவும் விகடனில் குரைத்த பிறகுதானே தூர்தர்ஷனுக்குப் போனது?

மஞ்சக்குப்பம் வாசகி:
சார், வாசகர் ஓட்டு என்று சொல்லிவிட்டு 2023ஐ அப்படியே தாண்டிவிட்டீர்களே! செங்டூவில் நடந்த வேர்ல்ட்கானில் ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' நாவலைத் 'தகுதியில்லை' என்று ஒதுக்கினார்கள். போதுமான பரிந்துரை இருந்தது. ஏன் என்று சொல்லவே இல்லை. 2024 ஜனவரியில் ஓட்டுக் கணக்கு வெளிவந்தபோதுதான் விஷயம் வெடித்தது. அதே நாவலுக்கு நெபுலா கிடைத்தது. ஆக, ஒரு முத்திரை இல்லை என்று புத்தகத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள் தம்பி.

பாகூர் ஏரி:
பிலிப் கே. டிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பிளேட் ரன்னர்' படத்துக்கு 1983இல் ஹ்யூகோ. அதற்கு மூலமான அவர் நாவலுக்கு இல்லை. பாவம், படம் தியேட்டருக்கு வருவதற்கு முன்பே, 1982 மார்ச்சில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கெடிலக்கரை:
எல்லோருக்கும் நன்றி. சரி, ராமாவுக்கு அப்புறம் எதை எடுக்கட்டும்? என் ஆங்கிலம் சுமார்தான், குண்டுப் புத்தகம் வேண்டாம்.

லாஸ்பேட்டை வாத்தியார்:
டெட் சியாங். 'அரைவல்' படம் பார்த்திருந்தாலும் பரவாயில்லை, அதற்கு மூலமான 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' குறுநாவலைப் படியுங்கள். படத்தில் வராத இயற்பியல் அதில் இருக்கிறது: ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது ஏன் வளைந்து போகிறது என்பதை வைத்தே கதையைக் கட்டியிருப்பார். அதை மட்டும் அவசரப்படாமல் படிக்க வேண்டும். தமிழிலேயே வேண்டுமென்றால் 'அரூ' இணைய இதழுக்குப் போங்கள், அவர்கள் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டியின் கதைகள் அங்கே இருக்கின்றன.