தாத்தா தலையில் ஏன் தொப்பி இல்லை?

அண்ணாச்சிமார், மதினிமார் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் பாளையங்கோட்டை வீட்டை ஒழித்துப் போட்டபோது பரணில் தாத்தாவின் பள்ளிக்கூடக் காலத்துப் படம் கிடைத்தது. அரைக்கால் சட்டை, கழுத்தில் சாரணர் ஸ்கார்ஃப், கையில் ஆளுயரக் கம்பு. தலையில் மட்டும் தலைப்பாகை. "சாரணர்னா பெரிய தொப்பிதானே போடுவாங்க?" என்று மகள் கேட்டாள்.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரௌன்சி தீவில் 20 பையன்களை வைத்து முகாம் நடத்தினார். 1909-இல் பெங்களூரில் சாரணர் படை வந்துவிட்டது. ஆனால் வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்குத்தான் அதில் இடம். நம் பிள்ளைகள் வேலிக்கு வெளியே. அதைப் பொறுக்காமல்தான் 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் தம் சகா ஜார்ஜ் அருண்டேலோடு சேர்ந்து சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். அவர்கள் தொப்பியை விட்டுவிட்டுத் தலைப்பாகை கட்டினார்கள். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது இந்தச் சங்கமும் வெள்ளைக்காரர்களின் சாரணர் சங்கமும் இணைந்தன. இன்றைய பாரத சாரண சாரணியர் அமைப்பு 1950-இல் வந்தது.

இதையெல்லாம் தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. அவர் எனக்குச் சொல்லித்தந்தது இரண்டே விஷயம். ஒன்று, சாரணனுக்குச் சாரணன் இடது கையால்தான் கை குலுக்க வேண்டும். ஆச்சிக்கு அது ஆகவே ஆகாது. "பிள்ளைக்குப் பீச்சாங்கையை நீட்டப் படிச்சுக் குடுக்கீகளே" என்று சத்தம் போடுவாள். தாத்தா சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார், நானும் நீட்டுவேன்.

இன்னொன்று ரீஃப் முடிச்சு, இரண்டு நுனிகளைச் சேர்த்துக் கட்டுகிற முடிச்சு. வலது நுனியை இடதின் மேல், அப்புறம் இடதை வலதின் மேல். பாபநாசம் படித்துறையில் வழுக்கி என் முழங்கால் கிழிந்தபோது தோளில் கிடந்த துண்டைக் கிழித்து அந்த முடிச்சைத்தான் போட்டார். தட்டையாகப் படியும், காயத்தில் உறுத்தாது. அவிழ்க்கிறபோது ஒரு நுனியைச் சுண்டி இழுத்தால் போதும். நான் சாரணர் படையில் சேர்ந்தபோது மற்ற பையன்கள் அதற்கு ஒரு வாரம் திணறினார்கள். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே வந்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படித் தலைப்பாகையும் ஸ்கார்ஃபுமாக நிற்கிற பையன்களின் படம் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். ஊரின் முதல் படைகளில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரே இடத்தில் சேர்த்துவைக்க ஆசை. பின்பக்கத்தையும் படமெடுங்கள். பெயர்கள் அங்கேதான் எழுதியிருக்கும்.