இசை நாடகத்தை டிவியில் பார்க்கும் தரத்தில் பதிவுசெய்ய: 3 கேமரா, எல்இடி திரை, ஒலி

பினாங்கு_மேடை:
வணக்கம். ஜார்ஜ்டவுனில் எங்கள் குழுவின் இசை நாடகம். இரண்டேகால் மணி நேரம், இரண்டு நாள் காட்சி. வெளியூரில் இருக்கும் குடும்பத்தார் வீட்டு டிவியில் பார்க்க ஒரு பதிவு வேண்டும். கையில் இருப்பது மிரர்லெஸ் கேமரா 3, ஒலிப்பதிவுக் கருவி 1. பின்னணியில் எல்இடி திரை. நடிகர்களுக்குக் கன்னத்தில் ஒட்டும் மைக். மிருதங்கம், தபலா, கீபோர்டு நேரடி வாசிப்பு. கேமராவை எங்கே வைப்பது? திரையில் ஓடும் கோடுகளை எப்படித் தவிர்ப்பது? ஒலியை மிக்சரிலிருந்து எடுத்தால் போதுமா?

ஒளிக்கோணம்:
முதல் கேமரா கடைசி வரிசைக்குப் பின்னால், நட்டநடுவில், முழு மேடையும் தெரியும்படி. ஓடவிட்ட பிறகு யாரும் அதைத் திருப்பவோ நகர்த்தவோ கூடாது. மற்ற இரண்டும் தவறவிடும் இடங்களில் இதுதான் கைகொடுக்கும். இரண்டாவது அதன் பக்கத்திலேயே, ஜூம் லென்ஸோடு பாடுபவரைத் தொடரட்டும். மூன்றாவது முன்வரிசை ஓரத்தில்.

வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60 வைத்தால் சில விளக்குகள் மினுக்கும். எல்இடி திரையின் கோடுகள் வேறு கதை: அதன் புதுப்பிப்பு வேகம் மின்சாரத்தைப் பொறுத்ததல்ல. கேமராவில் ஷட்டரை நுணுக்கமாக மாற்றும் வசதி இருந்தால், ஒத்திகையன்று அதே திரைக்கு முன் கோடு மறையும்வரை நகர்த்துங்கள். திரையின் வெளிச்சத்தையும் குறைக்கச் சொல்லுங்கள், முகங்கள் இருண்டு போகாது.

எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) எதுவும் ஆட்டோவில் வேண்டாம். மேடை இருளும்போது ஆட்டோ ஐஎஸ்ஓ மேலேறிப் படம் முழுக்கப் புள்ளியாகிவிடும். ஸ்பாட்லைட் விழும் முகத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து மூன்று கேமராவிலும் வெள்ளைச் சமநிலைக்கு ஒரே கெல்வின் எண் வையுங்கள். நீல, ஊதா விளக்கில் நீல வண்ணம் மட்டும் அளவு மீறி, விவரம் இழந்து முகம் தட்டையான திட்டாகிவிடும், சாதாரண ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) இது தெரியாது. மூவண்ண ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

பழைய மாடல்கள் பல 29 நிமிடம் 59 வினாடியில் தானாக நின்றுவிடும். மூன்றையும் ஒரே சமயத்தில் மீண்டும் தொடங்காதீர்கள். வினாடிக்கு 100 மெகாபிட்டில் 135 நிமிடத்துக்கு ஏறத்தாழ 101 ஜிபி ஆகும். கேமராவுக்கு ஒரு 128 ஜிபி கார்டு போதும்.

ஒலிமேசை:
மிக்சர் மட்டும் போதவே போதாது. சின்ன மண்டபத்தில் மிருதங்கம் நேராகவே காதுக்கு எட்டும், அதனால் ஒலிக்காரர் ஸ்பீக்கரில் அதைக் குறைத்தே விடுவார். ஸ்பீக்கருக்குப் போகும் அந்த மெயின் அவுட்டைப் பதிந்தால் வீட்டில் குரல் மட்டும் பெரிதாக, தாளம் மெலிந்து கேட்கும், கைதட்டலும் இருக்காது. டிஜிட்டல் மிக்சர் என்றால் யூஎஸ்பி வழியே ஒவ்வொரு மைக்கையும் தனித்தடமாக லேப்டாப்பில் எடுங்கள். மண்டப ஒலிக்கு இரண்டு மைக் கூடுதலாக.

மண்டப மைக்கை அப்படியே கலக்காதீர்கள். ஒலி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். 20 மீட்டர் தள்ளி வைத்தால் ஒன்றரை ஃப்ரேம் பின்தங்கி, குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகும். அந்தத் தடத்தை 58 மில்லிவினாடி முன்னுக்கு இழுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபெல். படத்தையும் ஒலியையும் பின்னர் பொருத்த, தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் மேடையில் ஒரு கைத்தட்டு. கருவிகளின் கடிகாரம் மணிக்கணக்கில் ஓடும்போது விலகும்.

வெட்டுமேசை:
நெருக்கக் காட்சிகளைப் பார்வையாளர் இல்லாத முழு உடை ஒத்திகையில் எடுத்துவிடுங்கள். 2016 ஜூனில் நியூயார்க்கில் பதிவான ஹாமில்டன் இசை நாடகத்துக்கும் பார்வையாளர் முன் நடந்த காட்சிகளோடு, அரங்கில் ஆளில்லாத நேரத்திலும் நெருக்கக் காட்சிகள் எடுத்தார்கள். ஆனால் நேரடி வாசிப்பில் லயம் நாளுக்கு நாள் மாறும். ஒலியை ஒரே நாளிலிருந்து எடுத்து, மற்ற நாளின் காட்சிகளை வாய் தெரியாத இடங்களில் மட்டும் சேருங்கள். பொட்டு, பூ, மைக் ஒட்டிய இடம் எல்லாம் இரண்டு நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். நடனத்தில் பாதத்தை வெட்டிவிடாதீர்கள்.

பென்டிரைவில் கொடுப்பதானால் வினாடிக்கு 7 மெகாபிட்டில், இடைவேளையில் பிரித்து இரண்டு கோப்பு. பழைய டிவிகள் பல ஃபேட்32 என்ற வடிவில் அமைத்த பென்டிரைவை மட்டுமே படிக்கும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. மேடையேற்றும் அனுமதி வேறு, பதிவுசெய்து பகிரும் அனுமதி வேறு: பாடலாசிரியர், இசையமைப்பாளர், நடிகர்கள் எல்லாரிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

பினாங்கு_மேடை:
மிக்க நன்றி. மண்டபத்தில் இருப்பது பழைய அனலாக் மிக்சர், யூஎஸ்பி கிடையாது.

ஒலிமேசை:
அப்படியானால் மிக்சரில் ஆக்ஸ் (தனியாகக் கலந்து வெளியே அனுப்பும் வழி) இரண்டு கேளுங்கள்: ஒன்றில் குரல்கள், இன்னொன்றில் வாத்தியங்கள். ஒலிப்பதிவுக் கருவியின் உள்ளீட்டை லைனில் வையுங்கள், மைக்கில் இருந்தால் கெயினைக் குறைத்தாலும் ஒலி உடையும். ஃபேன்டம் பவர் (மைக்குக்குக் கம்பி வழியே அனுப்பும் மின்சாரம்) அணைந்திருக்கட்டும். உறுமல் கேட்டால் மிக்சருக்கும் கருவிக்கும் இடையில் ஒலிக்கான ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். மின்கம்பியின் எர்த்தை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள்.