ரத்தத்தில் கொலஸ்ட்ரால் சரி, பித்தப்பையில் மட்டும் கல் எப்படி?

நீலத்தும்பி:
பித்தப்பையை எடுத்து 3 மாதம் ஆகிறது. எடுத்த கல்லில் ஒன்றை டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். வெளிர் மஞ்சள். உடைந்த பக்கத்தில் நடுவிலிருந்து கதிர் கதிராகப் படிகம் மின்னுகிறது. கொலஸ்ட்ரால் கல்லாம். ஆனால் என் ரத்தக் கொலஸ்ட்ரால் எப்போதுமே அளவோடுதான் இருக்கிறது. "நீ சாப்பிட்டதுதான் காரணம்" என்று வீட்டில் சொல்லும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

கரைசல்:
சாப்பாட்டை மட்டும் குறை சொல்வது நியாயமே இல்லை. ரத்தக் கணக்கு வேறு, பித்தநீர்க் கணக்கு வேறு. கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. பித்த உப்பும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளும் சேர்ந்து அதைப் பொதிந்து வைத்துக்கொண்டால்தான் பித்தநீரில் கரைந்து நிற்கும். அட்மிராண்ட், ஸ்மால் இருவரும் 1968இல் இந்த மூன்றின் விகிதத்தையும் ஒரே முக்கோணத்தில் குறித்துக் காட்டினார்கள். கொலஸ்ட்ரால் கூடினாலும் சரி, மற்ற இரண்டில் ஒன்று குறைந்தாலும் சரி, முக்கோணத்தில் உள்ள புள்ளி, கரைந்து நிற்கும் எல்லையைத் தாண்டிவிடும்; கொலஸ்ட்ரால் படிகமாகப் பிரியும். லேபில் இருந்தபோது பித்தநீர்த் துளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். ஒரு மூலை வெட்டுப்பட்ட மெல்லிய கண்ணாடித் தகடு மாதிரி கொலஸ்ட்ரால் படிகங்கள் மிதக்கும். உங்கள் கல்லும் அப்படித்தான் தொடங்கியிருக்கும். சமீபத்தில் எடை வேகமாகக் குறைந்ததா?

நீலத்தும்பி:
ஆமாம், 4 மாதத்தில் 14 கிலோ! அதைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள்.

கரைசல்:
அதுவே காரணமாக இருக்கலாம். எடை வேகமாக இறங்கும்போது உடம்புக் கொழுப்பிலிருந்து வரும் கொலஸ்ட்ரால் பித்தநீரில் கூடும். சாப்பாடு குறைவதால் பையும் சரியாகச் சுருங்காமல் பித்தநீர் தேங்கிவிடும்.

வெண்தாழை:
என் கதை லெசித்தின் பக்கம். 29 வயதில் கல், பையை எடுத்த பிறகும் அதே வலி. "வாயு" என்று இரண்டு வருஷம் அனுப்பிவைத்தார்கள். கடைசியில் ஸ்கேனில் கல்லீரலுக்குள்ளேயே பொடிப்பொடியாகப் புள்ளிகள். லெசித்தினைப் பித்தநீருக்குள் தள்ளும் ஏபிசிபி4 மரபணுவில் கோளாறு. லெசித்தின் குறைந்தால் பித்த உப்பு பித்தக்குழாய்ச் சுவரையே அரிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரையில் வலி நின்றது. உங்களுக்கு 40 வயதுக்குள் என்றால், வலி திரும்பினால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

நீலத்தும்பி:
34தான். கேட்கிறேன். சித்தப்பாவுக்கு சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்), அவருக்குக் கறுப்புக் கல். அதுவும் இதேதானா?

கரைசல்:
இல்லை. அது பெரும்பாலும் பிலிருபின் என்ற பித்த நிறமியால் ஆன கல், நிறமிக் கல் என்பார்கள். சிரோசிஸில் அதுதான் அதிகம்.