ஈராக்கின் 52 பில்லியன் டாலர்: கட்டியது சதாமா, மக்களா?

தண்டபாணி_கோவை
1990இல் சதாம் உசேனின் ஈராக் குவைத்தைப் பிடித்ததால் வந்த வளைகுடாப் போர் பற்றிய இழையில் போன வாரம் ‘எண்ணெய்க்கணக்கு’ என்ற அன்பர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. “சதாம் குவைத்தைச் சூறையாடினார், ஐ.நா. அவரிடமிருந்து 52 பில்லியன் டாலரை வசூலித்தது, நியாயம் நடந்தது” என்று மூன்றே துண்டில் கதையை முடித்துவிட்டார். அவரிடமிருந்து எங்கே வசூலித்தார்கள்? மொத்தம் 52.4 பில்லியன். 2003இல் சதாம் ஆட்சி விழும்வரை, போரில் நஷ்டப்பட்டவர்களுக்குக் கொடுக்க ஐ.நா. வைத்த இழப்பீட்டு நிதிக்குப் போனது சுமார் 18 பில்லியன். மீதி 34 பில்லியனைக் கட்டியது அவர் போன பிறகு வந்த ஈராக். அவரை 2006இல் தூக்கில் போட்டார்கள், கடைசித் தவணை கட்டியது 2022 ஜனவரியில். 1990இல் பிறந்தே இராத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்க வேண்டிய பணம் அது. இதற்கு நியாயம் என்று பெயர் வைக்காதீர்கள்.

எண்ணெய்க்கணக்கு
ஐயா, கணக்கை அரைகுறையாகச் சொல்ல வேண்டாம். 1991 ஏப்ரலில் வந்த ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 687ஆம் தீர்மானம் பொறுப்பாக்கியது சதாம் என்ற மனிதரை இல்லை, ஈராக் என்ற நாட்டை. ஆட்சி மாறினால் நாடு மாறிவிடுமா? அதோடு ஒன்றை வசதியாக விட்டுவிட்டீர்கள். சதாம் காலத்தில் எண்ணெய் வருமானத்தில் 30 சதவீதம் பிடித்தார்கள், 2000 டிசம்பரில் அதை 25 ஆக்கினார்கள், அவர் விழுந்ததும் 2003 மே மாதம் 1483ஆம் தீர்மானத்தில் வெறும் 5 சதவீதம் ஆக்கினார்கள். முப்பது எங்கே, ஐந்து எங்கே? புது ஈராக்குக்குக் கொடுத்த சலுகை அது.

தண்டபாணி_கோவை
இதோ வந்துவிட்டது ஐந்து சதவீதம். சதவீதத்தை வைத்து யாரை ஏமாற்றுகிறீர்கள்? 1991இலேயே 30 என்று எழுதி வைத்தார்கள், ஆனால் ஐ.நா. தடையால் எண்ணெய் விற்கவே முடியாத நாட்டில் முப்பது சதவீதம் என்றால் பூஜ்யத்தில் முப்பது சதவீதம். உணவும் மருந்தும் வாங்குவதற்காக எண்ணெய் விற்கவிட்ட ‘உணவுக்கு எண்ணெய்’ திட்டத்தில் ஏற்றுமதி தொடங்கியது 1996 டிசம்பரில், அதுவும் ஆறு மாதத்துக்கு 2 பில்லியன் டாலருக்கு மேல் விற்கக் கூடாது என்ற வரம்போடு. அப்புறம்தான் வரம்பை உயர்த்தினார்கள். 1998இல் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்குப் பத்துப் பன்னிரண்டு டாலருக்கு இறங்கியது. அதே எண்ணெய் 2011, 2012இல் நூறு டாலரைத் தாண்டியது. நூறு டாலர் எண்ணெயில் எடுத்த ஐந்து சதவீதம், பன்னிரண்டு டாலர் எண்ணெயில் எடுத்த முப்பதைவிடப் பெரிய தொகை. பன்னிரண்டு வருஷமாக வராத தொகை அதற்குப் பிறகுதான் வந்தது. 18 அங்கே, 34 இங்கே. எது சலுகை?

மீரான்_ராம்நாடு
இரண்டு பேரும் சதவீதத்திலேயே நிற்கிறீர்கள், பணம் யாருக்குப் போனது என்று யாரும் கேட்கவில்லை. என் வாப்பா குவைத்தில் சால்மியாவில் தையற்கடையில் வேலை பார்த்தவர். 1990 ஆகஸ்டில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு பஸ்ரா, பாக்தாத் வழியாக அம்மான் போய், ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். அப்படி வந்த இந்தியர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். சேர்த்து வைத்த சம்பளம், மிஷின், வங்கியில் கிடந்த தினார் எல்லாம் போச்சு. ஜெனீவாவில் இருந்த இழப்பீட்டு ஆணையத்தில் ‘ஏ’ வகை என்று ஒன்று இருந்தது, உயிர் பிழைத்து வெளியேறியவர்களுக்கு. தனி ஆளுக்கு 2,500 டாலர், வேறு எந்த வகையிலும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் 4,000. வாப்பாவுக்கு அந்த 4,000 வந்தது, வருஷக்கணக்கில் காத்திருந்து தவணையில் வந்தது. லாத்தாவின் (அக்காவின்) கல்யாணக் கடன் அதில்தான் அடைந்தது. உலகம் முழுக்க இப்படி எட்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். அந்தப் பணம் பாவப்பட்ட பணம் என்று சொல்கிறீர்களா, தண்டபாணி அண்ணே?

தண்டபாணி_கோவை
மீரான் பாய், உங்கள் வாப்பா வாங்கியதை நான் குறை சொல்லவே இல்லை. தனி மனிதர்களுக்கு முதலில் கொடுத்தார்கள், அந்த ஒரு விஷயத்தில் அந்த ஆணையம் ஒழுங்காக நடந்தது. ‘ஏ’ வகை முழுவதும் சேர்த்தாலே மூன்று பில்லியன் சொச்சம்தான். ஆனால் குவைத் பெட்ரோலியக் கழகத்துக்கு, எண்ணெய்க் கிணறுகள் எரிந்த நஷ்டத்துக்காக, ஒரே ஒரு கோரிக்கையில் 14.7 பில்லியன் கொடுத்தார்கள். கடைசிவரை, 2022 ஜனவரி வரை, கட்டிக்கொண்டிருந்தது அதைத்தான். கடைசித் தவணை மட்டும் 63 கோடி டாலர். தையற்காரருக்கு 4,000, கழகத்துக்கு 14.7 பில்லியன். நான் கேட்பது இந்த இரண்டாவதைப் பற்றி.

எண்ணெய்க்கணக்கு
எரிந்தது ஒன்றிரண்டு கிணறு இல்லை. அறுநூறுக்கும் மேல். 1991 நவம்பர்வரை அணைத்துக்கொண்டிருந்தார்கள், பகலே இருட்டிக் கிடந்தது. கொளுத்திவிட்டுப் போனது யார்? கேட்ட தொகை எல்லாம் சேர்த்து 352 பில்லியன், அதில் ஆறில் ஒரு பங்குகூட ஒப்புக்கொள்ளவில்லை. இதைவிடக் கறாராக யார் விசாரிப்பார்கள்? 2014இல் ஐ.எஸ். தீவிரவாதிகள் ஈராக்கின் பல பகுதிகளைப் பிடித்தபோது தவணையை நிறுத்தி வைத்தார்கள், 2018இல் மறுபடி தொடங்கும்போது அரை சதவீதத்தில் தொடங்கினார்கள். 30, 25, 5, அரை. இறங்குவரிசை தெரிகிறதா?

தண்டபாணி_கோவை
மறுபடியும் சதவீதம்! டாலரில் சொல்லுங்கள் என்று எத்தனை முறை கேட்பது?

பழைய_வாசகன்
எண்ணெய்க்கணக்கு அன்பர், முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி மீது இழப்பீடு சுமத்திய வெர்சாய் உடன்படிக்கை பற்றிய இழையிலும் இதே வேலையைத்தான் செய்தார். ஜெர்மனி மீது 132 பில்லியன் தங்க மார்க் போட்டதை நான் எழுதினால், உண்மையில் கேட்டது 50 பில்லியன்தான் என்று மூன்று நாள் சண்டை. ஜெர்மனி அந்த இழப்பீட்டைக் கட்ட வாங்கிய கடன்பத்திரங்களின் கடைசி வட்டியை 2010 அக்டோபரில் கட்டி முடித்தது என்ற விஷயத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

எண்ணெய்க்கணக்கு
அந்த இழையில் பதில் சொல்லியாயிற்று, நீங்கள்தான் படிக்கவில்லை. ஜெர்மனி நிஜமாகக் கட்ட வேண்டியிருந்த ஏ, பி பத்திரங்கள் 50 பில்லியன், மீதி 82 வெறும் காகிதம். இங்கே அதை இழுக்காதீர்கள்.

கல்லடி_வாசுகி
மன்னிக்கிற நாடுகளும் இருந்திருக்கு. 1951இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த சமாதான மாநாட்டில் இலங்கை ஜப்பானிடம் இழப்பீடு வேண்டாம் எண்டது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் குண்டு போட்டது கொழும்பிலும் திருகோணமலையிலும். குவைத்துக்கு அந்த மனசு ஏன் வரேல்லை? குவைத்தில் வீட்டு வேலை செய்த எங்கட பெண்கள் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பி வந்தவை, அவையளுக்கு ஆளுக்குச் சில ஆயிரம், எண்ணெய்க் கழகத்துக்குப் பில்லியன் கணக்கில்.

எண்ணெய்க்கணக்கு
பகையைப் பகையால் தணிக்க முடியாது என்று புத்தர் வாக்கைச் சொல்லி அங்கே பேசியவர் அப்போது இலங்கை நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன. வாசுகி அக்கா அவரைப் புகழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கல்லடி_வாசுகி
நான் ஜே.ஆரைப் புகழேல்லை. 1983 ஜூலையில் அவர் ஜனாதிபதியா இருக்கத்தான் எங்கட சனத்தை வீடு வீடா எரிச்சது. ஜப்பானுக்குக் காட்டின கருணையில கால்வாசி எங்களுக்குக் காட்டியிருந்தால் போதும். அதை வைத்து எனக்கே குத்திக் காட்ட உமக்கு என்ன உரிமை? நான் சொன்னது நாட்டின்ர முடிவை.

மீரான்_ராம்நாடு
ஜே.ஆர். பேச்சை விடுங்கள். இலங்கை மன்னித்தது ஒரு நாட்டின் பணத்தை. ஊர்பேர் தெரியாத லட்சக்கணக்கான தொழிலாளிகளின் பாக்கியை குவைத் எப்படி மன்னிக்க முடியும்? அது குவைத்தின் பணமே இல்லையே.

தண்டபாணி_கோவை
தொழிலாளி பாக்கி முன்னாடியே கொடுத்து முடித்தது பாய், அதைத்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். 2014இல் நிறுத்தி வைத்தபோது மீதமிருந்த 4.6 பில்லியன் பெட்ரோலியக் கழகத்துக்கானது மட்டும். இன்னொன்று கேளுங்கள். 2004இல் கடன் கொடுத்த நாடுகளின் கூட்டமைப்பான பாரிஸ் கிளப் நாடுகள் ஈராக் கடனில் 80 சதவீதத்தைத் தள்ளுபடி செய்தன. சதாம் வாங்கிய கடன் மக்கள் தலையில் ஏறக்கூடாது என்று அப்போது பேசினார்கள். கடனுக்குப் பொருந்திய நியாயம் இழப்பீட்டுக்கு ஏன் பொருந்தவில்லை? 2003இல் அமெரிக்கா படையெடுத்ததற்கு ஒரு ஆணையம் உட்கார்ந்ததா? நிகரகுவாவில் அரசை எதிர்த்த கிளர்ச்சியாளர்களுக்கு அமெரிக்கா உதவிய வழக்கில் 1986இல் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்கா இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது, ஒரு காசு வரவில்லை. தோற்றவனிடம் மட்டும் எண்ணெய்க் குழாயிலேயே பிடித்துக்கொள்வது, அதற்கு ஐந்து சதவீதச் சலுகை என்று பெயர்.

எண்ணெய்க்கணக்கு
அமெரிக்கா கட்டவில்லை என்பதால் ஈராக்கும் கட்டக் கூடாதா? கடன் வேறு, கொளுத்தியது வேறு. கடன் கொடுத்தவன் தெரிந்து கொடுத்தான், குவைத்தைக் கேட்டுவிட்டா கிணற்றில் தீ வைத்தார்கள்? 30ஐ 5 ஆக்கியது சலுகைதான், நூறு முறை சொல்வேன்.

தண்டபாணி_கோவை
நூறு முறை சொல்லுங்கள். 34 பில்லியனைக் கட்டியது யார் என்று ஒரு முறை சொல்லுங்கள்.

எண்ணெய்க்கணக்கு
ஈராக். முதல் பதிலிலேயே சொன்னேன்.

தண்டபாணி_கோவை
போன வாரம் “அவரிடமிருந்து வசூலித்தது” என்று எழுதியது யார்? அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது. அதைத் திருத்துங்கள், பிறகு பேசலாம்.