கால்வாய்க் கரைக் கிணறும் நம் சங்க நன்கொடையும்

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பி நான்கு நாளாகிறது. பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டுப் பன்னிரண்டு நாள் கழித்தும் எங்கள் சின்னையா வயலில் வெடிப்பு மூடவில்லை. "முறை நம்முடையதுதான், தண்ணீர்தான் வேறு யாருக்கோ போகிறது" என்றார்.

கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம். அதிலும் நாம் கடைமடை. வழியில் ஒரு மோட்டார் உறிஞ்சினாலும் இங்கே மடை காய்ந்துவிடும்.

சின்னையா என்னைக் கரையோரக் கிணறு ஒன்றுக்கு அழைத்துப் போனார். எட்டிப் பார்த்தேன். உறையில் நாலடி கீழே ஒரு குழாய் வாய். செம்மண் கலங்கிய கால்வாய்த் தண்ணீர் அதிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு டேங்கர் லாரிகள். பென்னிகுவிக் 1895-இல் மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீர், இங்கே கரையைக் குடைந்து போகிறது.

பாசன நீரைக் குறையச் செய்தால் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 430-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 326-ஆம் பிரிவு. கிணறு என்றால் மட்டும் 'என் பட்டா, என் தண்ணீர்' என்று வாயடைத்துவிடுகிறார்கள். நிலத்தடி நீருக்கென 2003-இல் வந்த சட்டத்தையும் 2013-இல் ரத்து செய்துவிட்டார்கள். ஆனாலும் அனுமதியின்றி வணிகத்துக்கு நிலத்தடி நீர் எடுப்பதைத் திருட்டு வழக்காகவே பதியலாம் என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனக்கு இதைவிட மின்சாரச் சட்டம் 135-ஆம் பிரிவில்தான் நம்பிக்கை. விவசாயத்துக்குத் தந்த இலவச மின்சாரத்தில் இறைத்து விற்றால் அது மின்திருட்டு. குழாயை மூடி மறைக்கலாம், மின் இணைப்பை எங்கே மறைப்பது?

இனிச் சங்கடமான சேதி. நம் சங்கத்தின் பொங்கல் விளையாட்டுப் போட்டி நோட்டீஸில் முதல் பெயர் அந்த லாரிக்காரருடையது. நன்கொடை 25,000 ரூபாய். மேடையில் துண்டு போர்த்தியபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் நாளில் சின்னையா மனுக் கொடுக்கப் போகிறார். சங்க முத்திரையோடு போனால் எடுபடும் என்கிறார். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முத்திரை வைப்போம். என் பங்கு 5,000 ரூபாய். பொருளாளர் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பினால் இன்றே போட்டுவிடுகிறேன்.