இரவு வண்டியை எங்கே நிறுத்தினீர்கள்? இலங்கையில் கேம்பர்வேன், கூரை டென்ட் அனுபவங்கள்

நாங்கள் இரண்டு பேர், படுக்கையும் சமையல் மேடையும் உள்ளேயே இருக்கும் ஒரு வாடகை கேம்பர்வேன், பதினாறு நாள். கொழும்பில் தொடங்கி தெற்குக் கரை, மலையகம், கிழக்கு என்று சுற்றிவிட்டு வந்தோம். எங்கே போகலாம், என்ன பார்க்கலாம் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குக் கேட்க ஆசை வேறு ஒன்று. சாயங்காலம் ஆனதும் "இன்னைக்கு ராத்திரி எங்கே?" என்று வண்டிக்குள் ஒரு பேச்சு வருமே, அந்தப் பேச்சால் உங்களுக்கு அறிமுகமானவர்கள் யார்? ஆளோ, மிருகமோ, காற்றோ, மழையோ, எதுவானாலும் எழுதுங்கள். என்னுடையதில் தொடங்குகிறேன்.

புத்தலயிலிருந்து கதிர்காமம் போகும் சாலை யால காட்டை ஒட்டியே போகிறது. மாலை நாலரை மணி இருக்கும். ஒரு ஆண் யானை சாலை நடுவில் நின்றது. தந்தம் இல்லை, இலங்கையில் பெரும்பாலான ஆண் யானைகளுக்குத் தந்தம் கிடையாது. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ், நடுவில் நாங்கள். லாரிக்காரர் எதையோ வீசிவிட்டுப் போய்விட்டார். யானை அதைத் தின்று முடித்துவிட்டு நேராக எங்கள் வண்டியின் பக்கவாட்டு ஜன்னலுக்கு வந்தது. அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் எங்கள் சமையல் மேடை. மேலே ஒரு சீப்பு வாழைப்பழம், கீழே பெட்டியில் மாம்பழம். ஜன்னல் நாலு விரல் திறந்திருந்தது. தும்பிக்கை நுனி அந்த இடைவெளியில் மூச்சு விடும் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

ஹாரன் அடிக்கக் கை போனது. பின்னால் பஸ்ஸிலிருந்து நடத்துனர் எட்டிப் பார்த்து, சிங்களம் கலந்த தமிழில், "ஹாரன் வேணாம்! எஞ்சின் ஓடட்டும், மெதுவா பின்னால வாங்க!" என்று கத்தினார். பஸ்ஸும் எங்களுக்காகப் பின்னால் போய் இடம் விட்டது. ஒரு அடி ஒரு அடியாக ரிவர்ஸ் எடுத்தோம். யானை ஜன்னலை விட்டுவிட்டு ஓரமாக நகர்ந்தது.

கதிர்காமம் வந்ததும் பஸ் நின்றது. அந்த நடத்துனர் இறங்கி வந்து முதலில் கேட்டது, "பழம் போட்டீங்களா?" இல்லை என்றோம். "போடக் கூடாது. நாளைக்கும் அங்கேயே வந்து நிக்கும். ஒருநாள் யாராவது செத்துப் போவாங்க, இல்லாட்டி அது செத்துப் போகும்." கேலியே இல்லாமல், தன் வீட்டு விஷயம் போலச் சொன்னார். வண்டியை நிறுத்த ஒரு வீட்டு முற்றத்தையும் அவரே காட்டிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து யானை நடமாடும் பகுதிகளில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பழம், கரும்பு, உப்பு எதுவும் வண்டியில் இரவு தங்காது. சமைப்பதும் சாப்பிடுவதும் வெளிச்சத்திலேயே முடிந்துவிடும். வண்டியின் கூரைமேல் விரிக்கிற கூரை டென்ட் உயரத்தில் இருப்பதால் யானைக்கு எட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகவே எட்டும்.

* * *

அண்ணா, நல்ல கேள்வி கேட்டீங்கள். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஆறு வயதில் வெளிநாடு போனவள். போன ஜூலையில் கணவர், இரண்டு பிள்ளைகளோடு கூரை டென்ட் பூட்டிய ஒரு ஜீப் எடுத்துக்கொண்டு வடக்கே போனோம்.

மன்னார் தீவின் தென்கரை. கடற்கரை ஓரம் வெறுமையாக, அழகாக இருந்தது. ஜீப்பை நிறுத்தி டென்டை விரித்தோம். இரண்டு நிமிடத்தில் விரிந்துவிட்டது. மூன்றாவது நிமிடம் காற்று அதைப் பட்டம் மாதிரி இழுக்கத் தொடங்கியது. ஜீப்பே ஆடுகிறது, பிள்ளைகள் மேலே இருந்து அலறுகிறார்கள். கொஞ்சத் தூரத்தில் இருந்த மீன்வாடியிலிருந்து, அதாவது மீனவர் குடிலிலிருந்து, ஒரு பெரியவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"பிள்ளை, உதை மேல விரிக்காதேங்கோ. சோழகம் எழும்பீட்டுது, விடியும் வரைக்கும் காத்து நிக்காது."

சோழகம் என்ற சொல்லை அம்மாவின் வாயில் கேட்டிருக்கிறேன். மே மாதத்திலிருந்து தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. அந்தக் கரையில்தான் இலங்கை மின்சார சபையின் தம்பபவனி காற்றாலைகள் முப்பது நிற்கின்றன. முப்பதும் எங்கள் கண் முன்னே சுழன்றுகொண்டிருக்க, காற்றைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை.

அவர் எங்களை வாடிக்குப் பின்புறம் கூட்டிப் போனார். ஜீப்பைத் திருப்பித் திருப்பி நிறுத்தச் சொல்லி, டென்டின் மடிப்புப் பக்கம், அதாவது கதவு இல்லாத பக்கம், காற்றைப் பார்க்கும்படி வைத்தார். பிறகு வலை இழுக்கிற கயிற்றைக் கொண்டுவந்து டென்டின் நாலு மூலையையும் ஜீப்பின் சக்கரங்களோடு கட்டினார். நாங்கள் கடையில் வாங்கிய கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார்.

எல்லாம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டார், "நீங்கள் எந்த இடம்? ஆற்றை பிள்ளை?"

ஊர் பெயர் சொன்னேன். அப்பாவின் பெயரும் சொன்னேன். அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை, வேறு மாவட்டம். இருந்தும் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். நான் வாழ்கிற நாட்டில் என்னிடம் என்ன வேலை என்று கேட்பார்கள், எங்கிருந்து வந்தாய் என்று கேட்பார்கள். யாருடைய பிள்ளை என்று முப்பது வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அன்று இரவு காற்று டென்டை விடிய விடிய அடித்தது. ஒரு கயிறும் தளரவில்லை.

இன்னொன்றைக் கட்டாயம் எழுத வேண்டும். ஏ9 வீதியில் கிளிநொச்சி தாண்டி ஆனையிறவு, முகமாலைப் பக்கம் போகிறவர்கள், ஆளில்லாத நல்ல இடம் என்று நினைத்து வீதியை விட்டு இறங்காதீர்கள். போர் முடிந்தது 2009 மே மாதத்தில். முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிற வேலை அதற்குப் பிறகும் பல வருடங்களாக நடந்துவருகிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் ஒரு அடியும் வைக்க வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் ஊர்க்காரரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். பிள்ளைகள் சிறுநீர் கழிக்க ஓடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

* * *

அக்கா சொன்ன மாதிரியே எங்களையும் ஒருவர் "இங்கே வேண்டாம்" என்று தடுத்தார். நாங்கள் மூன்று நண்பர்கள், 2024 அக்டோபர் கடைசி. தியலும அருவி 220 மீட்டர் உயரம். அதன் தலைப்பக்கம் போக பூணாகலை வழியாக ஏறினோம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே குறுகின சாலை, ஒரு வளைவில் வண்டி நிற்க அளவெடுத்த மாதிரி ஒரு சமதளம். பின்னால் மலையை வெட்டின சுவர், முன்னால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. வேறென்ன வேண்டும் என்று நிறுத்திவிட்டோம்.

கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்து நின்றார்கள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"ராவைக்கு இங்கயா படுக்கப் போறீங்க, தம்பி?"

"ஆமாம்மா."

"வேணாம். மழை வருது. மண்ணு எறங்கும்."

வானம் தெளிவாகத்தான் இருந்தது. எங்களில் ஒருவன், "மழை வந்தா கிளம்பிடுவோம்மா" என்றான். அவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டினார்கள். "அந்தப் பக்கம் மீரியபெத்த. காலையில புள்ளைங்க பள்ளிக்கூடம் போன நேரம். வீட்டுல இருந்தவங்க கெளம்பலையே."

2014 அக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்துத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்சரிவில் மண்ணுக்குள் போன நாள். நாங்கள் நின்றதும் கிட்டத்தட்ட அதே தேதி, பத்து வருடம் கழித்து. ஒருவரும் பேசவில்லை. வண்டியை எடுத்தோம். அவர்களே முன்னால் நடந்து, மேட்டில் இருந்த மாரியம்மன் கோயில் திடலுக்கு வழி காட்டி, கோயில் தலைவரிடம் "நம்ம புள்ளைங்கதான், இந்தியாவுல இருந்து வந்திருக்காங்க" என்று சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களுடைய பாட்டனார் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவராம். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எங்களைக் கேட்டார்கள். எங்களுக்கு எப்படித் தெரியும்?

எட்டு மணிக்கு மழை பிடித்தது. டென்டை மடித்துவிட்டு மூன்று பேரும் வண்டிக்குள் உட்கார்ந்தே தூங்கினோம். காலையில் அந்த வளைவைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். மண் சரியவில்லை. ஆனால் நாங்கள் நிறுத்திய இடத்தில் செம்மண் தண்ணீர் முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது.

பருவமழை மாறுகிற அக்டோபர், நவம்பரில் மலையகம் போகிறவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிற மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். மரங்கள் சாய்ந்து நிற்பது, தரையில் புதிய வெடிப்பு, இல்லாத இடத்தில் திடீரென்று ஊற்று, தெளிந்த ஓடை கலங்கி வருவது, இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் அங்கே தங்கக் கூடாது. இதையெல்லாம் அன்றிரவு கோயில் தலைவர் சொன்னார். அடுத்த வருடம் நவம்பரில் டிட்வா புயல் வந்து மலையகமே சரிந்த செய்திகளைப் பார்த்தபோது எனக்கு அந்த அம்மாவின் கூடைதான் ஞாபகம் வந்தது. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டோம்.

* * *

எனக்கு இவ்வளவு பெரிய அனுபவம் இல்லை. சின்னச் சின்னதாகச் சிலதைச் சேர்க்கிறேன்.

நக்கிள்ஸ் மலைத்தொடரில் மீமுரே கிராமம் போனால் ரத்தம் உறிஞ்சும் அட்டை. டென்டின் ஏணி வழியாகவே ஏறி வருகிறது. ஏணியின் கடைசிப் படியில் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி வைக்கச் சொல்லி ஒரு வீட்டுப் பாட்டி கற்றுக்கொடுத்தார். அதன் பிறகு தொல்லை இல்லை. செருப்பு, சாக்ஸ் எதையும் டென்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

கரையோரத்தில் இரவு வெக்கை தாங்காது. மூடிய வேனுக்குள் தூங்கவே முடியவில்லை. கொசுவலை ஜன்னல் நாலு பக்கமும் உள்ள கூரை டென்ட்தான் காப்பாற்றியது. அதே டென்ட், பட்டிப்பொல ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1,891 மீட்டர் உயரத்தில், நடுங்க வைத்தது. ஒரே வாரத்தில் இரண்டும். இரண்டு கம்பளி கட்டாயம்.

தேசியப் பூங்காக்களுக்குள் நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்க முடியாது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் முகாம் இடங்களை முன்பே பதிய வேண்டும். அப்புறம், வெளிநாட்டு ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது. இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதியை வாங்கிய பிறகே ஸ்டியரிங்கைத் தொடுங்கள்.

* * *

நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லியும் கேம்பர்வேன் எடுத்தோம். அறுகம்பையிலிருந்து பாணமை தாண்டி மண் சாலையில் உகந்தை முருகன் கோயில். அதற்கப்பால் குமண காடு. நாங்கள் போனது ஆடி வேல் விழாவுக்கு முந்திய நாட்கள். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்காகக் காட்டுப் பாதை திறக்கும் நேரம். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்தே நடந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். உகந்தையில் கூடி, அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள் பல நாள் நடந்து கதிர்காமம் சேர்கிறார்கள்.

கோயில் வெளியில் வண்டி நிறுத்தலாமா என்று கேட்டோம். அங்கிருந்த பெரியவர் கேட்ட ஒரே கேள்வி, "வண்டியில மச்சம் ஏதும் இருக்கா ஐயா?" அசைவம் என்று பொருள். முட்டை இருந்தது. என் கணவர் திரும்பிப் பாணமை வரை ஓட்டிப்போய், ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். பிறகுதான் நிறுத்தினோம்.

பக்கவாட்டுப் பந்தலை விரித்ததும் அதன் நிழலில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும், முழங்கால் வீங்கியிருந்தது. தண்ணீர் வேண்டுமா என்றேன். கையில் போனை வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி, "இதுக்குக் கொஞ்சம் கரண்ட் கிடைக்குமா மகள்?" என்றார். நான் ஓய்வு பெற்றவள். மகள் என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்!

வண்டியின் கூரையில் சூரியத் தகடு, உள்ளே பேட்டரி. அரை மணியில் செய்தி பரவிவிட்டது. அன்று மாலைக்குள் எங்கள் சமையல் மேடையில் இருபது போன்கள். எது யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றின் மேலும் காகிதத்தில் பெயர் எழுதி வைத்தேன், பள்ளிக்கூடத்தில் நோட்டுப் புத்தகத்துக்கு எழுதின மாதிரியே. காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. போகும் முன் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்காகத்தான் எல்லோரும் நின்றார்கள். எங்கள் குளிர்பெட்டியை அணைத்துவிட்டோம். இரவு விளக்கும் போடவில்லை.

அந்த அம்மா மகனிடம் பேசியது கேட்டது. "முழங்கால் நல்லாருக்கு மனே, நீ பயப்படாத" என்றார்.

காலையில் அரோகரா சத்தத்தோடு எல்லோரும் காட்டுக்குள் போனார்கள். வாகனத்துக்கு அந்த வழி கிடையாது. நாங்கள் பொத்துவில், மொனராகலை, புத்தல என்று சுற்றிக்கொண்டு, முதலில் எழுதியவர் சொன்ன அந்த யானைச் சாலை வழியாகவே கதிர்காமம் சேர்ந்தோம். சில நாள் அங்கேயே தங்கி, மாணிக்க கங்கைக் கரையில் அந்த அம்மாவைத் தினமும் காலையும் மாலையும் தேடினோம். கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. முழங்காலில் தடவக் கொடுத்த தைலப் புட்டி திரும்பி வராவிட்டால் பரவாயில்லை, அவர் வந்து சேர்ந்தாரா என்று தெரிந்தால் போதும்.

* * *

அம்மா, தொடங்கியவன் நான்தான். அடுத்த ஆடிக்கு உகந்தை போவதாக நாங்கள் முடிவு செய்துவிட்டோம். சார்ஜர் வயர் என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

* * *

டைப்-சி ஆறு, பழைய சின்ன முனை நாலு. பட்டன் போன் வைத்திருக்கிறவர்கள் நிறைய, அதற்கு மெல்லிய பின் உள்ள வயர் இரண்டு. பெயர் எழுதக் காகிதமும் ரப்பர் பேண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையை அறுகம்பையிலேயே முடித்துவிடுங்கள்.