லங்காஷயர் பஞ்சாலைகள் வீழ்ந்தது பழைய மெஷினாலா, பறிபோன சந்தையாலா?

கேள்வி (எம்.ஏ. மாணவி):
பிரிட்டனின் தொழில் சரிவு, குறிப்பாக வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகள் பற்றிப் படிக்கிறேன். முதலாளிகள் மந்தமாகிவிட்டார்கள் என்கிறார் ஒருவர். 1925-ல் பவுண்டை மறுபடி 4.86 டாலர் மதிப்பில் தங்கத்தோடு கட்டியதுதான் காரணம் என்கிறார் இன்னொருவர். அமெரிக்கா ரிங்குக்கு (நிற்காமல் நூற்று, கூடவே சுற்றும் நூற்பு மெஷின்) மாறியும் லங்காஷயர் மியூலை (முன்னும் பின்னும் ஓடி நூற்கும் பழைய மெஷின்) விடவில்லை என்று எல்லாப் பாடத்திலும் வருகிறது. அது அவ்வளவு பெரிய தவறா?

பதில் (ஓய்வுபெற்ற ஸ்பின்னிங் மாஸ்டர்):
31 வருஷம் ரிங் ஃப்ரேமோடு வாழ்ந்தவன் நான். ஆனாலும் அந்த முதலாளிகளை மந்தம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அம்மா. ரிங்கில் நூலுக்கு இழுவை அதிகம். அதே கவுண்டுக்கு (நூலின் மென்மையைக் காட்டும் எண்) நல்ல பஞ்சு வேண்டும். மியூல் சுமாரான பஞ்சிலும் மெல்லிய நூல் தரும். அதை ஓட்டத் தேர்ந்த ஆட்களும் அங்கே நிறைய இருந்தார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். ஓல்டாமில் நூற்பு, பர்ன்லி, பிளாக்பர்னில் நெசவு. ஆலைகளும் வேறு, முதலாளிகளும் வேறு. ரிங் நூல் மர பாபினில், அதாவது மரக் கண்டில் சுற்றி வரும். பாபின் கனத்துக்கும் சேர்த்து வண்டிக்கூலி, காலி பாபினைத் திருப்பி அனுப்ப இன்னொரு கூலி. மியூலில் அந்தச் செலவு இல்லை. ஒரே கூரையில் நூற்பும் நெசவும் இருந்த அமெரிக்க ஆலைக்கு இந்தக் கணக்கே வராது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு லங்காஷயர் முதலாளி போட்ட கணக்கும் சரிதான்!

பதில் (வரலாற்று ஆசிரியர்):
ஐயா, மெஷினை மாற்றியிருந்தாலும் தப்பித்திருக்க முடியுமா? 1913-ல் பிரிட்டன் ஏற்றுமதி செய்த துணி ஏறக்குறைய 700 கோடி கெஜம், அதில் சுமார் 300 கோடி இந்தியாவுக்கு. அந்தச் சந்தையைக் காக்கத்தான் 1896-ல் இந்திய ஆலைத் துணிமேல் 3.5 சதவீதக் கலால் வரி போட்டார்கள். முதல் உலகப் போருக்குப் பின் அந்த வரி போனது, இறக்குமதித் தீர்வை ஏறியது, இந்திய ஆலைகள் வளர்ந்தன. 1938-ல் மொத்த ஏற்றுமதியே சுமார் 140 கோடிதான்.

மாணவி:
அப்படியானால் 1925 முடிவுக்குப் பங்கே இல்லையா?

ஸ்பின்னிங் மாஸ்டர்:
உண்டு, வெளிநாட்டில் பிரிட்டன் துணியின் விலையை ஏற்றிவிட்டது. ஆனால் சரிவு 1920-லேயே தொடங்கிவிட்டது. அதற்குச் சற்று முன், விலை உச்சத்தில் கடன் வாங்கி ஆலைகளைக் கைமாற்றிக்கொண்டார்கள். அந்தக் கடன் கழுத்தை நெரித்தது.

இந்தியச் சந்தை பற்றி ஆசிரியர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜப்பானையும் பாருங்கள். ரிங்கும் புதுத் தறியுமாக வந்து 1930-களில் துணி ஏற்றுமதியில் பிரிட்டனையே முந்தியது. உலகத்துக்கெல்லாம் நூற்பு மெஷின் விற்ற ஓல்டாம் பிளாட் பிரதர்ஸ், 1929-ல் ஜப்பானின் டொயோடா நிறுவனத்தின் தானியங்கித் தறிக்குக் காப்புரிமையைக் காசு கொடுத்து வாங்கியது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.